சுவருக்கு அந்தப் பக்கம் யார்?

நானுஓயாவில் பிற்பகலில் பனிமூட்டம் இறங்கத் தொடங்கினால் முதலில் மறைவது கிரேட் வெஸ்டர்ன் மலை. அடுத்தது டர்பன்டைன் மரங்களின் உச்சி. அப்புறம் எதிர் லயத்து வரிசை வீடுகளின் கூரைத் தகரம். கடைசியில் பீலிக்கரைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. பாதை கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் பீலித் தண்ணீர் கல்லில் விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் திடீரென்று மாறினால், யாரோ அடியில் குடம் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்நேரத்தில், இந்தக் குளிரில், யார்?

இந்தக் கேள்வியே ஒரு திகில் சிறுகதையின் முதல் வரிக்குப் போதும். ஆனால் இலங்கை மலையகத்தில் திகில் கதை எழுத உட்காரும் இளைஞர் பலரின் பேனா பீலிக்கரைப் பக்கம் போவதில்லை. பாழடைந்த பங்களா, வெள்ளைச் சேலை, நள்ளிரவில் கொலுசுச் சத்தம், தானாகத் திறக்கும் கதவு என்று அது வேறு வழியில் ஓடுகிறது. இவையெல்லாம் திரையிலிருந்து இறங்கி வந்தவை. திரையிலிருந்து எடுப்பது குற்றமில்லை. உலகத்தின் நல்ல பேய்க் கதைகளில் பல, வேறொரு கதையைப் படித்த அல்லது பார்த்த சூட்டில் பிறந்தவைதான். எதை எடுப்பது, எதை விட்டுவிடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1816ஆம் ஆண்டின் கோடைகாலத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் வானத்தை மூடியதால் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரை வீடொன்றில் மழைக்கும் குளிருக்கும் அடைபட்டுக் கிடந்த சிலர், பொழுது போக ஒரு ஜெர்மானியப் பேய்க் கதைத் தொகுப்பைப் பிரெஞ்சு மொழியில் உரக்கப் படித்தார்கள். ஆளுக்கொரு பேய்க் கதை எழுதுவோம் என்றார் கவிஞர் பைரன். அங்கிருந்த பதினெட்டு வயதுப் பெண் மேரிக்குப் பல நாள் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு தோன்றியது 1818இல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்ற நாவலாக வெளிவந்தது. அவர்கள் படித்த தொகுப்பை இன்று ஆய்வாளர்கள்தாம் புரட்டுகிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த பெண் எழுதியதை உலகமே படிக்கிறது.

மழை, குளிர், அடுப்படிக் கணப்பு, உரக்கச் சொல்லப்படும் கதை: இந்த நான்கும் நானுஓயா லயத்துக் காம்பராவுக்குப் புதிதல்ல. கம்பளிக்குள் முடங்கிக்கொண்டு அம்மாயி சொல்லும் முனிக் கதையைக் கேட்ட பிள்ளைகள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். கொஞ்சம் எழுத்துக்கூட்டப் பழகியதும் கைக்கு வந்தது ‘அம்புலிமாமா’. தோளில் பிணத்தைச் சுமந்துகொண்டு சுடுகாட்டு வழியே நடக்கும் விக்கிரமாதித்தனின் அந்தப் படத்தை, ஓவியர் சங்கரின் கைவண்ணத்தை, ஒரு முறை பார்த்தவர் மறக்கமாட்டார். பிணம் கதை சொல்கிறது. கதையின் முடிவில் கேள்வி கேட்கிறது. பதில் சொன்னால் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடுகிறது. பயத்தின் உச்சியில் ஒரு கேள்வியை நிறுத்தும் இந்தப் பாடம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மிகச் சின்ன வயதிலேயே கிடைத்துவிடுகிறது.

மேரி ஷெல்லியின் அந்த நாவலைத் தமிழுக்கு ‘பிரேத மனிதன்’ என்ற பெயரில் கொண்டுவந்தவர் புதுமைப்பித்தன். மலையக வாசகருக்கு அவர் வேறொரு வகையில் நெருங்கியவர். 1935இல் ‘மணிக்கொடி’யில் வந்த அவருடைய ‘துன்பக்கேணி’, திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சீரழிந்த மருதியின் கதை. அதே கைதான் 1943இல் ‘காஞ்சனை’யை எழுதியது.

திகில் எழுத விரும்புகிறவர் ‘காஞ்சனை’யைக் குறைந்தது மூன்று முறை படிக்க வேண்டும். முதல் முறை பயப்படுவதற்கு. இரண்டாம் முறை, எந்த இடத்தில் பயந்தோம் என்று தேடுவதற்கு. மூன்றாம் முறை, அந்த இடத்தில் பேயே இல்லை என்பதைக் கண்டுபிடிப்பதற்கு. கதை சொல்கிறவர் ஓர் எழுத்தாளர். தூக்கம் வராமல் தவிக்கிறவர். வீட்டுக்கு வேலைக்கு வந்து சேர்ந்த ஒரு பெண். இரவில் எங்கிருந்தோ வந்து போகும் ஒரு வாடை. மனைவியின் கழுத்தில் ஒரு துளி இரத்தம். இவ்வளவுதான். கோரப் பல்லோ, பறக்கும் முடியோ பக்கங்களில் நம்மைத் துரத்துவதில்லை. பயம் கண் வழியாக வராமல் மூக்கு வழியாக வருகிறது. படித்து முடித்த பிறகும் அவள் பேய்தானா, தூக்கம் கெட்ட மனிதனின் மனம் செய்த வேலையா என்று சத்தியம் செய்து சொல்ல முடியாது.

நானுஓயாவில் எழுதுகிறவருக்கு இதில் ஒரு பெரிய சொத்து இருக்கிறது. சமவெளிக்காரருக்குப் பயம் இருட்டினால்தான் வரும். இங்கே பகல் மூன்று மணிக்கே கண் தோற்றுவிடும். பத்தடிக்கு அப்பால் நிற்பது கொழுந்துக் கூடையோடு வரும் பக்கத்து வீட்டுக்காரியா, தேயிலைச் செடிக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் கிளையா என்று தெரியாது. அப்போது காதும் மூக்கும் தோலும்தான் வேலை செய்யும். ஸ்டோரிலிருந்து வரும் தேயிலை வறுபடும் வாசம். ஈரக் கம்பளியின் வீச்சம். தகரத்தில் பனி சொட்டும் சத்தம். டிவியால் இந்த வாசத்தையும் வீச்சத்தையும் காட்டவே முடியாது. சிறுகதை காட்டும்.

கோச்சியும் குகையும்

ரயில் பாதை 1885இல் நானுஓயாவை எட்டியது. பதுளை வரை அது போய்ச் சேர 1924 ஆனது. இன்றும் நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் இறங்கும் நிலையம் இதுதான். ஒரு காலத்தில் இங்கிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு ஒரு குறுகிய பாதையும் இருந்தது. 1903இல் நுவரெலியா வரை திறந்து, பிறகு இராகலைக்கு நீட்டிய அந்தப் பாதை, 1940களில் மூடப்பட்டது. தண்டவாளம் போய்விட்டது. மலையின் இடுப்பை வெட்டிப் போட்ட தடம் அங்கங்கே எஞ்சியிருக்கிறது.

இரவுத் தபால் கோச்சி வரும் நேரத்தில் மலையக நிலையமொன்றின் மேடையில் நின்று பார்த்தவருக்கு அந்தக் காட்சி தெரியும். ஒற்றைப் பாதை என்பதால், எதிரும் புதிருமாக இரண்டு கோச்சி வந்துவிடாமல் இருக்க ‘டெப்லட்’ முறை இருக்கிறது. பாதையில் போவதற்கு அனுமதியான டெப்லட் துண்டை ஒரு பெரிய வளையத்தில் கட்டிய பையில் போட்டு, எஞ்சின் சாரதியிடம் ஒருவர் கையால் கொடுப்பார். சாரதி கொண்டுவந்த வளையத்தை இவர் வாங்குவார். பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு விளக்கு வரும், ஒரு கை நீளும், வளையம் கைமாறும், கை மறையும். கையை மட்டும்தான் பார்த்தோம். முகத்தைப் பார்த்தோமா?

இங்கிலாந்தில் சார்ள்ஸ் டிக்கன்ஸ் இதற்கு நெருங்கிய ஓர் இடத்தை வைத்துத்தான் உலகத்தின் மிகச் சிறந்த பேய்ச் சிறுகதைகளில் ஒன்றை எழுதினார். 1865 ஜூன் 9 அன்று அவர் வந்த ரயில் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் தடம்புரண்டது. பாலத்தில் திருத்த வேலைக்காகத் தண்டவாளத்தைக் கழற்றி வைத்திருந்தார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். பெட்டி தொங்கிக்கொண்டிருந்த நிலையில் தப்பி வெளியே வந்த டிக்கன்ஸ், காயப்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். சிலர் அவர் கண் முன்னாலேயே உயிர்விட்டார்கள். அதற்குப் பிறகு ரயிலில் ஏறும் போதெல்லாம் அவருக்கு நடுக்கம் வந்தது. அடுத்த ஆண்டு ‘தி சிக்னல்மேன்’ வெளிவந்தது: சுரங்கப்பாதை வாயிலில் தனியே வேலை செய்யும் ஒருவர், ஒவ்வொரு விபத்துக்கு முன்பும் அங்கே ஓர் உருவம் கைகாட்டுவதைக் காண்கிறார். 1976இல் பிபிசி அதைக் கிறிஸ்துமஸ் காலத் தொலைக்காட்சிப் படமாக்கியது. பெரிய சாகசம் எதுவும் அதில் இல்லை. பள்ளத்தில் ஒரு குடில், மணி, புகை, குகை இருட்டு. அவ்வளவையும் வைத்துக்கொண்டு பார்க்கிறவரை உட்கார்ந்த இடத்தில் உறைய வைத்தார்கள்.

விபத்து கதையானது, கதை திரையானது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே சிங்கமலைக் குகை இருக்கிறது. இலங்கையின் மிக நீண்ட ரயில் குகை அது. அதற்குள் நுழையும் போதெல்லாம் பெட்டிக்குள் பிள்ளைகள் கூச்சலிடுவது வழக்கம். வெளிச்சம் வந்ததும் கூச்சல் அடங்கும். ஏறியபோது பெட்டியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணி வைத்த ஒரு பிள்ளை, வெளியே வந்ததும் மறுபடி எண்ணினால் என்ன ஆகும்? டிக்கன்ஸைப் படித்தவர் இப்படி யோசிக்கலாம். டிக்கன்ஸின் பேயை அப்படியே தூக்கிவர வேண்டியதில்லை.

பெட்டரி தீர்ந்த இரவு

இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் வந்தது. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியது. லயங்களுக்கு மின்சாரம் வருவதற்கு முன்னமே கறுப்பு வெள்ளை டிவி வந்துவிட்ட தோட்டங்கள் உண்டு. கார் பெட்டரியில் ஓடும் பெட்டி. ஒரு வீட்டில் இருந்தால் அந்த லயமே அங்கே இருக்கும். இஸ்தோப்பு நிறைந்து முற்றத்தில் நின்றும் பார்ப்பார்கள். பெட்டரி இறங்க இறங்கப் படம் ஓரங்களில் சுருங்கும். நாலு பக்கமும் கறுப்பு ஏறி, முகங்கள் நெளிந்து, கடைசியில் ஒரு புள்ளியாக அணைந்துவிடும். பேய்ப் படத்தின் நடுவில் இது நடந்தால் அந்தப் பேய் யார், எதற்காக வந்தது என்பதை யாரும் சொல்லப்போவதில்லை. பணிய லயத்துப் பிள்ளைகள் இருட்டில் வீடு திரும்பும் வழியில் மிச்சக் கதையைத் தாங்களே சொல்லி முடித்துக்கொண்டு நடக்க வேண்டும். மலையகத்துப் பிள்ளைகளுக்குத் திகில் கதை எழுதப் பயிற்சி தந்த முதல் பட்டறை அந்த ஒற்றையடிப் பாதைதான்.

இன்று எல்லாப் படத்தையும் கைபேசியில் முடிவு வரை பார்க்க முடிகிறது. வசதிதான். ஆனால் பார்ப்பதை எழுத்துக்கு உரமாக்க நினைப்பவர், படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு மிச்சத்தைத் தாமே எழுதிப் பார்ப்பது நல்லது.

திரையிடமிருந்து கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் சன் டிவியில் வந்த ‘மர்மதேசம்’ தொடர்கள் அதற்குச் சான்று. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கினார். அதில் ‘விடாது கருப்பு’ ஒரு கிராமத்துக் காவல் தெய்வத்தை எடுத்துக்கொண்டது. இரவில் குதிரைக் குளம்பொலி கேட்கும். தப்புச் செய்தவன் சாவான். கருப்பன் உண்மையிலேயே வருகிறானா, சாமியின் பெயரில் மனிதர் யாராவது செய்கிறார்களா என்ற கேள்வியை வாரம் வாரமாக இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தத் தொடரைப் பார்த்த தலைமுறைக்கு இன்றும் குளம்புச் சத்தம் என்றால் முதுகு சிலிர்க்கும். இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மறைந்தபோது பலரும் முதலில் நினைத்துக்கொண்டது அந்தக் குதிரையைத்தான். அவர் பேயை வெளியூரிலிருந்து வரவழைக்கவில்லை. ஊர் எல்லையில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த சாமியைப் பார்த்தார். எழுதுகிறவர் இங்கே கவனிக்க வேண்டியது அதைத்தான்.

தொலைக்காட்சிப் பெட்டியே பேயாக முடியும் என்று காட்டிய தமிழ்ப் படம் 2009இல் வந்த ‘யாவரும் நலம்’. புது வீட்டில் குடியேறிய குடும்பத்தின் வாழ்க்கையில் நடப்பதெல்லாம் மதியத் தொடரிலும் நடக்கிறது. வீட்டுப் பெண்கள் அதைச் சாதாரணமாகப் பார்த்துக்கொண்டிருக்க, கதாநாயகன் மட்டும் கவனிக்கிறான். 2012இல் வந்த ‘பீட்சா’வில் நாயகி திகில் கதை எழுத ஆசைப்படுகிறவள், எந்நேரமும் பேய்களைப் பற்றியே படித்துக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருப்பாள். அவளுடைய ஆசைக்கும் படத்தின் மர்மத்துக்கும் உள்ள முடிச்சை, பார்க்காதவர்களுக்காக இங்கே அவிழ்க்காமல் விடலாம்.

அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தபோது மாணவர்களுக்கு ‘டிராகுலா’ நாவலைப் பாடம் நடத்தினார். அந்த இரத்தக் காட்டேரி இன்றைய அமெரிக்காவுக்கு வந்தால் என்ன ஆகும் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. அதிலிருந்து பிறந்தது 1975இல் வெளிவந்த ‘சேலம்ஸ் லொட்’. படித்த கதையைத் தன் ஊருக்குள் இறக்கிப் பார்ப்பதுதான் அவர் செய்தது. அதே கேள்வியை நானுஓயாவில் கேட்டால்?

சாமியும் துரையும்

இங்கே இறக்கிப் பார்க்க வேண்டிய தேவையே குறைவு, இருப்பதே ஏராளம். தேயிலை ஸ்டோரில் சுழலும் ரோதைக்கு ஒரு முனி உண்டு. ரோதைமுனி என்று அவருக்குப் பெயர். கவ்வாத்துக்கும் கொழுந்துக்கும்கூடச் சாமி வைத்துக் கும்பிட்ட மக்கள் இவர்கள். இயந்திரத்தில் ஒரு தெய்வம் குடியிருக்கிறது என்ற நினைப்பு, ஐரோப்பியத் தொழிற்சாலையும் தென்தமிழ்நாட்டுக் காவல் சாமியும் சந்தித்த இடத்தில் பிறந்தது. இப்படி ஒரு பாத்திரத்தை எந்தத் தொலைக்காட்சித் தொடர் தரும்? இராச்சாமத்தில் ரோதை நின்றுபோகிறது. டீ மேக்கர் சுவிட்சைப் பார்க்கிறார், சரியாக இருக்கிறது. அங்கே நிறுத்தி, அடுத்த வரியை எழுதத் தெரிந்தால் போதும்.

மாசி மாதத்தில் காமன் கூத்து. மன்மதன் எரிவதும், வீரபத்திரனும் எமனும் ஆடி வருவதும், தப்புச் சத்தம் மலைக்கு மலை எதிரொலிப்பதும் விடியும் வரை நடக்கும். தெரிந்த முகம்தான், பகலில் கவ்வாத்து வெட்டும் மாமாதான். ஆனால் அருள் வந்து ஆடும்போது அவர் கண்ணில் இருப்பது வேறு யாரோ. பிள்ளைகள் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிவது அந்தக் கண்ணுக்குத்தான்.

நுவரெலியாவில் கோல்ஃப் மைதானத்துப் பக்கத்துப் பழைய கல்லறைத் தோட்டத்தில் மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் புதைக்கப்பட்டிருக்கிறார். ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று சொல்லப்படும் வெள்ளைக்கார அதிகாரி. 1845இல் ஹப்புத்தளையில் இடி மழைக்கு ஒதுங்கி நின்றவர், மழை ஓய்ந்துவிட்டது என்று எண்ணி வெளியே காலெடுத்து வைத்தார். மின்னல் தாக்கிச் செத்தார். பிறகு அவருடைய கல்லறைக் கல்லையும் மின்னல் தாக்கிப் பிளந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. இதற்குப் பேய் எதற்கு? கொல்லப்பட்ட யானைகள் போதும்.

வெள்ளைக்காரத் துரைக்குக் கல்லறை இருக்கிறது, கல்லில் பெயரும் இருக்கிறது. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்களில், வழியிலேயே வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் விழுந்தவர்களுக்கு அது இல்லை. சி.வி.வேலுப்பிள்ளை திரட்டித் தந்த மலையக மக்கள் பாடல்களைப் படித்தால் அந்தப் பாட்டுகளுக்குள் எத்தனை பேர் அழுதுகொண்டிருக்கிறார்கள் என்பது கேட்கும். திகில் எழுத வருகிறவருக்கு இதைவிட நல்ல வாசிப்பு கிடைக்காது. இந்த இறந்தவர்களைப் பயங்காட்டும் பொம்மைகளாக்கும் கதை மட்டும் வேண்டாம். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அந்த மண்ணைப் பற்றி எழுதுகிறவர் முதலில் அங்கே இருந்தவர்களின் அடுப்பையும் பள்ளிக்கூடப் பையையும் எழுத வேண்டும். அவர்களை மனிதராகப் பார்த்துப் பழகிய வாசகனுக்குத்தான் அந்த மலை அசையும் சத்தம் உண்மையில் கேட்கும்.

எழுதப்படக் காத்திருக்கும் இன்னொரு காம்பராவும் இருக்கிறது.

1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றிருந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று கணக்கு. அதன்படி குடும்பம் குடும்பமாகக் கோச்சி ஏறித் தலைமன்னாருக்குப் போய், கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்தார்கள். அண்ணன் போனான், தம்பி நின்றான். ஊரிலிருந்து வரும்போது பிடிமண்ணோடு சாமியைக் கூட்டிவருவது தமிழர் வழக்கம். திரும்பிப் போகும்போது மரத்தடிக் கல்லும் சூலமும் இங்கேயே நின்றுவிட்டன.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் எதையும் மறைக்க முடியாது என்பதை மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் ‘மீன்கள்’ கதையில் நெஞ்சு வலிக்க எழுதினார். ஒரே வரிசை, ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். பக்கத்து வீட்டில் அம்மி அரைப்பது, பிள்ளை இருமுவது, கிழவர் வெற்றிலை இடிப்பது எல்லாம் இந்தப் பக்கம் கேட்கும். கேட்டுக் கேட்டு, அவர்கள் வீட்டு நேரமே நம் வீட்டுக் கடிகாரமாகிவிடும். ஒரு நாள் அவர்கள் கப்பல் ஏறிவிட்டார்கள். காம்பராவைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்தாயிற்று. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு ஒன்று, கொடியில் மறந்துவிட்டுப் போனது, மட்டும் ஜன்னல் வழியாகத் தெரிகிறது.

மாலை ஆறு மணி. இந்தப் பக்கம் டிவியில் பேய்ப் படம் ஓடுகிறது. பிள்ளைகள் கம்பளிக்குள் கண்ணை மூடிக்கொண்டு கத்துகிறார்கள். அம்மா மட்டும் படத்தைப் பார்க்கவில்லை. சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கையைக் காட்டுகிறாள். பிறகு எழுந்து போய்ச் சுவரில் காதை வைக்கிறாள். அந்தப் பக்கம், வழக்கமான நேரத்துக்கு, யாரோ வெற்றிலை இடிக்கிறார்கள்.